செவனும் டென்னும் ஒரே பொட்டியில: எங்க மாட்டும், எப்படி எடுக்கலாம்

நம்ம பக்கம் விண்டோஸ் செவன் கேட்டு வர்றவங்க இன்னும் கொறயல. ராம்நாட்ல பத்திரிக்கை அடிக்கிற பிரஸ்காரங்க பேஜ்மேக்கர்ல பாமினி ஃபான்ட் போட்டு வருசக்கணக்கா சேத்து வச்ச காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி ஃபைலை விட மனசில்லாம வருவாங்க. ராமேஸ்வரத்துல லாட்ஜ் வச்சிருக்கவங்க, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்த ஆள் இப்ப எந்த ஊர்ல இருக்கார்னே தெரியாம வருவாங்க. பாம்பன், தொண்டியில இருந்து பழைய ஜிபிஎஸ்ல குறிச்சு வச்ச பார் (கடலடிப் பாறை), வலை விடுற எடம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எறக்கணும்னு சீரியல் கேபிளைச் சுருட்டிக் கையில புடிச்சுக்கிட்டு வருவாங்க. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓட செவனுக்கு சப்போர்ட்டை நிறுத்திருச்சு, டென்னுக்கே 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு, ஆனா அந்த சாஃப்ட்வேருக்கு அதெல்லாம் தெரியாதுல்ல, ஓடுனா செவன்லதான் ஓடுவேன்னு நிக்குது.

செவனை ஏத்துறது பெரிய வேலையில்ல, ஏத்துன பிறகு வர்றதுதான் வேலை. திரும்பித் திரும்பி வர்ற கம்ப்ளைன்ட்ல முக்காவாசி ஒரே ரகம்தான், பழசும் புதுசும் ஒரே டிஸ்க்ல உக்காந்துக்கிட்டு பங்காளிங்க ஒரே வாசப்படிக்கு அடிச்சுக்கிற மாதிரி, ஆன் பண்ணதும் யாரு மொதல்ல எழும்புறதுன்னு (இதைத்தான் பூட்னு சொல்றது) அடிச்சுக்குது. அதனால என்கிட்ட கேட்டா ஒரே பதில்: சின்னதா ஒரு 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்க, டென் இருக்குற டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிருங்க, செவனை அந்தப் புது எஸ்எஸ்டில மட்டும் ஏத்துங்க, அப்பறம் கேபிளைத் திரும்ப மாட்டிட்டு, எது வேணுமோ ஆன் பண்ணும்போது எஃப்12 தட்டித் தேர்ந்தெடுத்துக்கங்க. சில கம்பெனில அது எஃப்8, எஃப்9, எஃப்11, ஆன் பண்ணதும் கீழ ஓரத்துல பொடி எழுத்துல வரும். கீழ எழுதிருக்கிற தொல்லைல பாதி இப்படிச் செஞ்சாலே வராது. லேப்டாப்ல ரெண்டாவது டிஸ்க்குக்கு எடம் இல்லங்கறவங்களுக்கும் ஏற்கனவே ஒரே டிஸ்க்ல போட்டு மாட்டிக்கிட்டவங்களுக்கும்தான் மீதி.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. உங்களுக்கு வேண்டியது வெறும் சாஃப்ட்வேர்தான், பழைய மெஷின், பழைய கார்டு எதையும் சொருக வேண்டியதில்லன்னா செவனை டென்னுக்குள்ளயே விர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓட்டுங்க. 8 ஜிபி ரேம் இருந்தா போதும், பூட் செட்டிங்கைத் தொடவே வேணாம். யூஎஸ்பி டாங்கிளை (சாஃப்ட்வேர் ஓட சொருகி வைக்கிற லைசென்ஸ் சாவி) அதுக்குள்ள குடுத்துக்கலாம், பெரும்பாலும் எடுத்துக்கும். பிரிண்டர் போர்ட்ல சொருகுற அந்தக் காலத்து 25 பின் டாங்கிள்தான் உள்ள போகாது, அதுக்கு நெஜ மெஷின்தான். எக்ஸ்பி வேணும்னு வர்றவங்களுக்கும் இதேதான் சொல்றேன், எக்ஸ்பிய நேரடியா இன்னைக்கு மெஷின்ல ஏத்துறது வம்ப வெல குடுத்து வாங்குறது, டிஸ்க் ஏஹெச்சிஐங்கிற சாட்டா மோட்ல இருந்தா அதுக்கு டிரைவரே இல்லாம 7பி-ன்னு முடியுற நீல ஸ்கிரீன் போட்டுட்டு நின்னுரும்.

ஏத்தத்தான் போறீங்கன்னா மூணு விஷயம் கையில இருக்கணும்: ஃபைலெல்லாம் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி, டென் அல்லது லெவன் இன்ஸ்டால் பென்டிரைவ் ஒண்ணு, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) சாவி. மூணாவது எதுக்குன்னு கீழ வரும், அதைப் படிக்காம பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு செட்டிங்) கை வைக்காதீங்க.

## இடம் பிரிக்க விடமாட்டேங்குது

சி டிரைவ்ல 200 ஜிபி காலியா இருக்கு, டிஸ்க் மேனேஜ்மென்ட்ல ஷ்ரிங்க் குடுத்தா 3 ஜிபிதான் தர்றேங்குது. நகராத ஃபைலு நடுவுல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து ஹைபர்னேஷனை ஆஃப் பண்ணுங்க (என்ன அடிக்கணும்னு கீழ செக் டிஸ்க் பகுதில இருக்கு), சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமா நிறுத்துங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டுத் திரும்ப ஷ்ரிங்க் குடுங்க. முக்காவாசி நேரம் விட்டுரும். விடலன்னா பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் போட்டு இழுக்கலாம், ஆனா அது ஓடும்போது கரண்டு போச்சுன்னா டிஸ்க்கே போச்சு, யூபிஎஸ் இல்லாத எடத்துல அதைத் தொடாதீங்க. செவனுக்கு 60 ஜிபி தாராளம்.

## இன்ஸ்டால் ஸ்கிரீன் வருது, மவுஸும் கீபோர்டும் செத்துக் கெடக்கு

மொழி கேக்குற மொத ஸ்கிரீன் வரும், அதோட சரி, எதைத் தட்டினாலும் அசையாது. கீபோர்டு கெட்டுப் போகல. செவன் வந்தது 2009-ல, அது கூட யூஎஸ்பி 3 டிரைவர் வரல.

மொதல்ல வயரை மாத்திப் பாருங்க, நீலக் கலர் போர்ட்ல இருந்தா கருப்புக்கு மாத்துங்க. அஞ்சாம் ஜெனரேஷன் வரைக்கும் உள்ள இன்டெல் மெஷினுக்கு இதுவே போதும். ஆறாம் ஜெனரேஷன்லேர்ந்து கருப்பு போர்ட்டும் உள்ளுக்குள்ள யூஎஸ்பி 3 கன்ட்ரோலர் வழியாத்தான் போகுது, அதனால கலரைப் பாத்து ஏமாறாதீங்க. டெஸ்க்டாப்னா பின்பக்கம் ஊதாவும் பச்சையுமா ரவுண்டு ஓட்டை இருக்கான்னு பாருங்க, பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒண்ணு அதுல சொருகுனா வேலை செய்யும், மவுஸ் இல்லாம டேப், என்டர் மட்டும் வச்சே இன்ஸ்டாலை முடிச்சிரலாம். லேப்டாப்ல கூட வர்ற கீபோர்டு பெரும்பாலும் அந்த வழிலதான் ஓடுது, அது தானா வேலை செய்யும்.

இதுல பலபேர் மாட்டிக்கிற எடம் அடுத்தது. பிஎஸ்2 கீபோர்டை வச்சு டெஸ்க்டாப் வரைக்கும் வந்துருவாங்க, வந்து யூஎஸ்பி 3 டிரைவரைப் போடலாம்னு பாத்தா டிரைவர் இருக்குறதே பென்டிரைவ்ல, பென்டிரைவைப் படிக்க யூஎஸ்பி வேணும். அதனால டென்ல இருக்கும்போதே டிரைவர் ஃபோல்டரை டி டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருங்க, லேன் டிரைவரையும் சேத்து.

ஓட்டையும் இல்ல, கருப்பு போர்ட்டும் உதவலன்னா யூஎஸ்பி 3 டிரைவரை செவன் பென்டிரைவுக்குள்ளயே சொருகணும், அதுக்கு மதர்போர்டு கம்பெனிங்களே டூல் விட்டுருந்தாங்க, இல்லன்னா தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து ஒரு பென்டிரைவ் தயார் பண்ணிக்கங்க. டிரைவரெல்லாம் ஏத்துன ரெடிமேட் ஐஎஸ்ஓன்னு (இன்ஸ்டால் டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலா ஆக்குனது) நெட்ல கெடைக்கிறதை மட்டும் எறக்காதீங்க, அதுல கூடவே என்னென்ன ஏத்திருக்கான்னு யாருக்கும் தெரியாது, அந்த மெஷின்லதான் நீங்க கணக்கு எழுதப் போறீங்க.

## சிடி, டிவிடி டிரைவர் காணோம்னு கேக்குது, நான் சிடியே போடலயே

இதுவும் அதே வியாதிதான். பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகுற வரைக்கும் பயாஸ் படிச்சுக் குடுக்குது, செவன் செட்டப் கைக்கு வந்ததும் அதால பென்டிரைவைப் பாக்க முடியல, உடனே ஏதோ டிரைவர் காணோம்னு சொல்லுது. அந்த ஸ்கிரீன்லயே பென்டிரைவை உருவி வேற போர்ட்ல சொருகி, கேன்சல் குடுத்துத் திரும்ப இன்ஸ்டால் நவ் அமுக்குங்க. டிவிடி டிரைவ் இருந்தா டிவிடியாவே போட்டுருங்க, தலைவலியே இல்ல.

அதைத் தாண்டி டிஸ்க் லிஸ்ட் வரும்போது லிஸ்ட்டே காலியா இருந்தா உங்க டிஸ்க் என்விஎம்இ ரகம், செவனுக்கு அதுவும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் பின்னாடி கேபி 2990941-ன்னு ஒரு பேட்ச் விட்டாங்க, அதை இன்ஸ்டால் மீடியாக்குள்ள சொருகணும். பதினொண்ணாம் ஜெனரேஷனுக்கு மேல உள்ள லேப்டாப்புல பயாஸ்ல விஎம்டின்னு ஒண்ணு ஆன்ல இருந்தாலும் டிஸ்க் தெரியாது, ஆனா அதை ஆஃப் பண்ணா ஏற்கனவே இருக்குற லெவன் பூட் ஆகாது, அதோட அந்த மெஷினுக்கு செவன் எப்படியும் சரிப்படாது. அங்கயே நிறுத்திட்டு விர்ச்சுவல்பாக்ஸுக்குப் போங்க, இல்ல நாலாம் ஜெனரேஷன் பழைய டெஸ்க்டாப் ஒண்ணு செகண்ட்ஸ்ல வாங்கி செவனுக்குன்னே வச்சுக்கங்க. ஆள் கூப்பிட்டாலும் அவரும் இதத்தான் சொல்லணும், வேற சொன்னா காசுக்குச் சொல்றார்.

## இந்த டிஸ்க்ல போட முடியாதுன்னு சொல்லுது

கீழ ஒரு மஞ்ச முக்கோணம், அதை அமுக்குனா ஜிபிடி டிஸ்க்குன்னோ எம்பிஆர் டிஸ்க்குன்னோ ஒரு வரி வரும் (டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்கை எழுதி வைக்கிற முறை, ஜிபிடி புதுசு, எம்பிஆர் பழசு). இந்த எடத்துலதான் நெட்ல பாத்துட்டு டிஸ்க்கையே கிளீன் பண்ணிட்டு வர்றாங்க. கிளீன் கமாண்டு தட்டுனா டிஸ்க்ல உள்ள எல்லாப் பார்ட்டிஷனும் போயிரும், டென்னும் சேத்து, கல்யாண ஆல்பமும் சேத்து. அதைத் தட்டாதீங்க.

வெளிய வந்து டென்னுக்குள்ள போங்க, சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து பயாஸ் மோட்ங்கிற வரிய பாருங்க.

- யூஇஎஃப்ஐன்னு (புது ரக பயாஸ்) இருந்தா: டிஸ்க் ஜிபிடி. 64 பிட் செவன் மட்டும்தான் ஏறும், 32 பிட் ஏறவே ஏறாது. எஃப்12 மெனுல பென்டிரைவ் ரெண்டு தடவை தெரியும், யூஇஎஃப்ஐன்னு முன்னாடி போட்டிருக்குறதைத் தேர்ந்தெடுங்க. அப்படி ஒரு வரியே இல்லன்னா பென்டிரைவைத் தப்பா அடிச்சிருக்கீங்க, ரூஃபஸ்ங்கிற பென்டிரைவ் தயார் பண்ற டூல்ல ஜிபிடி, யூஇஎஃப்ஐ வச்சு, ஃபேட்32-ல திரும்ப அடிங்க.
- லெகசின்னு இருந்தா: டிஸ்க் எம்பிஆர். யூஇஎஃப்ஐ போடாத வரியத் தேர்ந்தெடுங்க. எம்பிஆர்ல பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல முடியாது, ஏற்கனவே நாலு இருந்தா புதுசு பிரிக்க விடாது.

டென் எந்த மோடோ செவனும் அதே மோட். பழைய சாஃப்ட்வேர் 16 பிட், அதுக்கு 32 பிட் செவன்தான் வேணும், ஆனா டிஸ்க் ஜிபிடிங்கிற கேஸ் லாட்ஜ் பில்லிங்ல அடிக்கடி வரும், அதுக்குத் தனி எஸ்எஸ்டியும் லெகசி பூட்டும், இல்லன்னா விர்ச்சுவல்பாக்ஸும்தான் வழி.

## நாலு கலர் லோகோ வந்து அங்கயே நின்னுருது

அரை மணி நேரம் காத்தாலும் அசையாது. மொதல்ல பயாஸ்ல செக்யூர் பூட் (கையெழுத்து சரியா உள்ளதை மட்டும் பூட் ஆக விடுறது) ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, ஆனா அதைத் தொடுறதுக்கு முன்னாடி கீழ உள்ள 48 இலக்கக் கதையைப் படிச்சிருங்க. அடுத்தது சிஎஸ்எம்ங்கிறதை (புது பயாஸைப் பழசு மாதிரி நடக்க வைக்கிறது) ஆன் பண்ணுங்க. செவன் யூஇஎஃப்ஐல போட்டாலும் திரைக்கு பழைய வீடியோ பயாஸ் வழி கேக்கும், சிஎஸ்எம் ஆஃப்ல இருந்தா லோகோவோட நின்னுரும். பயாஸ்ல சிஎஸ்எம்ங்கிற வரியே இல்லாத புது மெஷின்னா அங்கயே விட்டுருங்க.

லெவன் உள்ளவங்க பயப்பட வேணாம், செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணாலும் லெவன் ஓடும். வீட்ல வாலரண்ட் ஆடுற பையன் இருந்தாத்தான் சண்டை வரும், லெவன்ல அந்த கேமுக்கு செக்யூர் பூட் வேணும்.

## செவன் ஏறிடுச்சு, டென்னைக் காணோம்

போன்ல அதிகமா வர்றது இதுதான். "அண்ணே, நேரா செவன் போயிருது, டென்னே வரல, ஃபைலெல்லாம் போச்சாண்ணே?" போகல. செவனுக்குள்ள கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க, டென் இருந்த டிரைவ் டி-ன்னோ இ-ன்னோ அப்படியே இருக்கும். செவன் ஏறும்போது டென் வச்சிருந்த பூட் ஃபைல் மேல தன்னோட பழசை எழுதிட்டு உக்காந்திருச்சு. அந்தப் பழசுக்கு டென்னைத் தூக்கத் தெரியாது. சில சமயம் மெனுல டென் பேரு வரும், தேர்ந்தெடுத்தா டிஜிட்டல் கையெழுத்து சரியில்லன்னு சொல்லி 0428-ல முடியுற ஒரு எண்ணைப் போட்டு நிக்கும், அதுவும் இதேதான்.

மொதல்ல காசில்லாத வேலை. எஃப்12 மெனுவைப் பாருங்க, ரெண்டு டிஸ்க் வச்சிருந்தா பூட் ஆர்டர் மட்டும் மாறியிருக்கும், டென் டிஸ்க்கை மேல தூக்கி வச்சா முடிஞ்சது.

ஒரே டிஸ்க்குன்னா டென் பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. மொத ஸ்கிரீன்லயே ஷிஃப்ட்டையும் எஃப்10-யும் சேத்து அமுக்குனா கருப்பு ஜன்னல் வரும். இங்க எழுத்து மாறிக் கெடக்கும், வழக்கமா சி-ன்னு இருக்குற டென் இங்க டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம், அதனால ஒவ்வொரு எழுத்தா டிஐஆர் (உள்ள என்ன இருக்குன்னு காட்டுற கமாண்டு) அடிச்சுப் பாத்து எதுல டென்னோட விண்டோஸ் ஃபோல்டர் இருக்கு, எதுல செவனோடது இருக்குன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கங்க. உள்ள இருக்குற உங்க சொந்த ஃபோல்டர் பேரை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம்.

அப்பறம் போன்ல சொல்ற மாதிரியே சொல்றேன்: பிசிடிபூட்னு ஒரே சொல்லா, பி சி டி பி ஓ ஓ டி, ஒரு ஸ்பேஸ், டிரைவ் எழுத்து, மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி, பின்பக்கம் சாஞ்ச கோடு, விண்டோஸ். இதை மொதல்ல செவன் டிரைவுக்கு அடிங்க, ரெண்டாவதா டென் டிரைவுக்கு. இந்த வரிசை முக்கியம், கடைசியா அடிக்கிறது டென்னா இருக்கணும், அப்பத்தான் புது பூட் ஃபைல் மேல நிக்கும். பூட் ஃபைல் உருவாச்சுன்னு ஒரு வரி வந்தா ரீஸ்டார்ட், மெனுல ரெண்டும் வரும்.

காப்பி பண்ண முடியலன்னு சொன்னா யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எழுத்து இல்ல. டிஸ்க்பார்ட் உள்ள போய் வால்யூம் லிஸ்ட் எடுங்க, 100-லேர்ந்து 500 எம்பிக்குள்ள ஃபேட்32-ன்னு ஒண்ணு தெரியும், அதைத் தேர்ந்தெடுத்து எஸ்-னு எழுத்து குடுங்க, வெளிய வந்து அதே பிசிடிபூட் வரிக்குப் பின்னாடி சாய்கோடு எஸ், ஸ்பேஸ், எஸ் ரெண்டு புள்ளி, ஸ்பேஸ், சாய்கோடு எஃப், ஸ்பேஸ், யூஇஎஃப்ஐ சேத்து அடிங்க. இங்க சாய்கோடு முன்பக்கம் சாஞ்சது. டிஸ்க்பார்ட்ல இருக்கும்போது ஃபார்மேட், கிளீன், டெலிட்னு ஆரம்பிக்கிற எதையும் அடிக்காதீங்க.

மெனு நீலக் கலர்ல வந்து, செவனைத் தேர்ந்தெடுத்தா மெஷின் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி அப்பறம் செவன் போனா அது தப்பில்ல, டென்னோட மெனு அப்படித்தான். பழைய கருப்பு மெனு வேணும்னா பிசிடிஎடிட்ல பூட் மெனு பாலிசிய லெகசின்னு மாத்திக்கலாம்.

ஆள்கிட்ட போக வேண்டிய எடம்: டிஸ்க்பார்ட் வால்யூம் லிஸ்ட்ல டென் டிரைவ் ரா-ன்னு (ஃபைல் சிஸ்டமே தெரியலன்னு) காட்டினாலோ, ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டாலோ, பார்ட்டிஷன் மொத்தமா ஒரே காலி எடமாத் தெரிஞ்சாலோ உடனே ஆஃப் பண்ணிருங்க. அதுக்கு மேல ஒவ்வொரு தடவை ஆன் பண்றதும் திரும்ப எடுக்க முடிஞ்ச ஃபைல் மேல ஏதாவது எழுதுது. டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவர்கிட்ட டிஸ்க்கை மட்டும் கழட்டிக் குடுங்க.

## நீல ஸ்கிரீன்ல 48 இலக்கச் சாவி கேக்குது

இது பிட்லாக்கர். செக்யூர் பூட்டை மாத்தியதும் டென்னோ லெவனோ யாரோ மெஷினைத் தொட்டுட்டாங்கன்னு நெனச்சுக் கதவைச் சாத்திருது. "காக்கா, நான் பாஸ்வேர்டே போடலயே"ன்னு கீழக்கரைல ஒருத்தர் (அங்க அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க) அடம் புடிச்சார், வெளிநாட்டுல இருந்து மகன் குடுத்துவிட்ட புது லேப்டாப். அவர் போடல, உண்மைதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணதும் டிஸ்க்கை அதுவே பூட்டிக்கிச்சு, சாவிய அந்த அக்கவுண்ட்ல போட்டு வச்சிருச்சு. அக்கவுண்ட் மகன் பேர்ல.

மொதல்ல பயாஸ்ல மாத்துனதைப் பழையபடி வச்சுப் பாருங்க, பெரும்பாலும் சாவி கேக்காமயே உள்ள விட்டுரும். இல்லன்னா வேற போன்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பக்கம் போய் டிவைஸ் லிஸ்ட்ல ரெக்கவரி கீ பாருங்க, ஸ்கிரீன்ல காட்டுற கீ ஐடியும் அங்க உள்ளதும் ஒண்ணான்னு சரிபாத்து அடிங்க. யார் அக்கவுண்ட் போட்டு மொதல்ல லாகின் பண்ணாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க, துபாய்ல இருந்தாலும் சரி.

சாவி எங்கயும் இல்லன்னா உள்ள இருக்குறதை எடுக்க யாராலயும் முடியாது. எடுத்துத் தர்றேன்னு பணம் கேக்குறவர்கிட்ட குடுக்காதீங்க. அதனால பயாஸ் பக்கம் போறதுக்கு முன்னாடி கன்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க, ஹோம் எடிஷன்னா செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணிட்டு அது முழுசா முடியுற வரைக்கும் பொறுங்க. இன்னொண்ணு, பூட்டுன டென் டிரைவை செவனால படிக்க முடியாது, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும். பழக்க தோசத்துல ஓகே அமுக்கிராதீங்க.

## கரண்டு போய் வந்தா செவன் வரமாட்டேங்குது, நேத்து நல்லா இருந்துச்சு

கடற்கரைப் பக்கம் டெஸ்க்டாப்புல இது ரொம்ப சகஜம். மண்டபம், ராமேஸ்வரம், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் உப்புக்காத்து ஜன்னல் வழியா நேரா கேபினட்டுக்குள்ளதான் போகுது. செவன்ல கோளாறு இல்ல. மதர்போர்டுல ஒரு ரூபா காசு மாதிரி இருக்கே சிஆர்2032 பேட்டரி, அது தீந்து போனாலோ அது உக்காந்திருக்குற கிண்ணத்துல பச்சை பூத்துப் போனாலோ கரண்டு போனதும் பயாஸ் மறந்துரும், செக்யூர் பூட் திரும்ப ஆன், சிஎஸ்எம் ஆஃப், சில போர்டுல சாட்டா மோடும் மாறிரும். டென் ஓடும், செவன் நின்னுரும். சாட்டா மோடும் மாறியிருந்தா ரெண்டுமே நீல ஸ்கிரீன் போட்டு நின்னுரும்.

மீன் கம்பெனி ஆபீஸ்ல இது ஜூன் நடுவுல கூட்டமா வரும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், வேலை இல்லன்னு ப்ளக்கையும் புடுங்கிப் போட்டுருவாங்க, அத்தனை நாளும் அந்தச் சின்ன பேட்டரி மட்டும்தான் பயாஸைத் தாங்கும், ஏற்கனவே பழசா இருந்தா தாங்காது.

கண்டுபிடிக்கிறது சுலபம், டென்ல தேதியைப் பாருங்க. நெட்டைக் கழட்டிட்டு ஆன் பண்ணும்போது பல வருசம் பின்னாடி போயிருந்தா பேட்டரிதான். அம்பது ரூபாக்குள்ள முடியுற வேலை. ப்ளக்கைப் புடுங்கிட்டு, பேட்டரிய நகத்தால நெம்பி எடுத்து, கிண்ணத்துக்கு அடில உள்ள தகட்டைப் பாருங்க. வெள்ளப் பொடியோ பச்சையோ இருந்தா மொபைல் கடைல விக்கிற ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) கொஞ்சம் காது பட்ஸ்ல தொட்டுத் தேய்ங்க, தண்ணியும் வேணாம், தேங்காண்ணெயும் வேணாம். நல்லாக் காஞ்ச பிறகு புதுசைப் போடுங்க, ப்ளஸ் மேல. பிட்லாக்கர் சாவிய கைல வச்சுக்கிட்டு பயாஸ்ல போய் மோடெல்லாம் திரும்ப வைங்க. அந்த பயாஸ் பக்கங்களை போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தீங்கன்னா ரெண்டு நிமிச வேலை.

புது பேட்டரி போட்டும் மறக்குதுன்னா, இல்ல கிண்ணத்தோட காலு அரிச்சு போர்டுல இருந்தே கழண்டு ஆடுச்சுன்னா அது சால்டரிங் வேலை, போர்டு சர்வீஸ் பண்றவர்கிட்ட குடுங்க. ஏறக்கொறைய அதே நேரத்துல லேன் போர்ட்டும் போகும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

## ஒவ்வொரு தடவையும் செக் டிஸ்க் ஓடுது, டி டிரைவ்ல வச்ச ஃபைலைக் காணோம்

டென்னை ஷட் டவுன் பண்ணா அது முழுசா அணையறதில்ல, பாதித் தூக்கம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு பேரு. டிஸ்க்கைத் தன் கைலயே புடிச்சுக்கிட்டுத் தூங்குது, நீங்க செவனுக்குப் போய் அதே டிஸ்க்ல எழுதுறீங்க, செவன் இது என்ன குழப்பம்னு செக் டிஸ்க் ஓட்டுது, அப்பறம் டென் முழிச்சுத் தன் கணக்கை மேல எழுதுது. நடுவுல நீங்க வச்ச ஃபைல் போயிரும்.

டென்ல கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கிற எடத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுங்க. அதுக்கு மேல ஒரு தடவை பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு ஹெச், ஆஃப்னு அடிச்சு ஹைபர்னேட்டையே அணைச்சிருங்க. டென்ல பெரிய அப்டேட் ஏறுன பிறகு திரும்ப ஆன் ஆகியிருக்கான்னு பாத்துக்கங்க. இதையும் செஞ்ச பிறகு செக் டிஸ்க் விடாம ஓடுனா டிஸ்க்கே சாகுது, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிஸ்க் நல்லா இருக்கான்னு சொல்ற சாஃப்ட்வேர்) போட்டு கலரைப் பாருங்க, மஞ்சளோ சிவப்போ இருந்தா ஃபைலை எடுத்துட்டு டிஸ்க்கை மாத்துங்க.

## செவன் ஓடுது, ஆனா டிரைவரெல்லாம் மஞ்சள் முக்கோணம்

செவன் சர்வீஸ் பேக் 1 இல்லாம எதுவும் நடக்காது, மொதல்ல அது. அடுத்தது கேபி 4490628, அப்பறம் கேபி 4474419, இந்த வரிசைல. இது இல்லன்னா 2019-க்குப் பின்னாடி வந்த டிரைவரோட கையெழுத்தை செவன் நம்பாது, கோடு 52-ன்னு காட்டும். ஏழாம் ஜெனரேஷனும் அதுக்கு மேலயும் இன்டெல் கிராஃபிக்ஸுக்கு செவன் டிரைவர் விடல, ஸ்கிரீன் பெருசு பெருசாத்தான் இருக்கும், பில் போட அது போதும்னா விட்டுருங்க, இல்லன்னா செவனுக்கு டிரைவர் உள்ள பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கணும்.

பேங்க் சைட் செவன்ல திறக்கலன்னு கேக்காதீங்க. குரோம் 109-ஓட செவனுக்கு நின்னு போச்சு. செவன்ல நெட்டே குடுக்காதீங்க, லேன் டிரைவர் ஏறலன்னா அதை வரம்னு நெனச்சுக்கங்க. ஜிஎஸ்டி, பேங்க், மெயில் எல்லாம் டென் பக்கம் இல்ல லெவன் பக்கம் வச்சுக்கங்க, ஃபைல் மாத்த டி டிரைவ் போதும்.

## இவ்வளவும் செஞ்சும் ஜிபிஎஸ் கேபிள் எடுக்கல

இதைக் கடைசில வைக்கிறேன், ஆனா ஜிபிஎஸுக்காக வர்றவங்க மொதல்ல பாக்க வேண்டியது இதுதான், நெறையப் பேருக்கு செவனே தேவைப்படாது.

டென்ல டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ்ங்கிற எடத்தைப் பாருங்க. கேபிள் பேருக்குப் பக்கத்துல ஆச்சரியக்குறி, கோடு 10, இல்லன்னா 2012-லேர்ந்து இந்தச் சிப்பை நிறுத்திட்டோம்னு நீட்டமா ஒரு வரி இருந்தா உங்க கேபிள்ல இருக்குறது பழைய பிஎல்2303 சிப், இல்ல அதோட காப்பி. டென் தானாப் போடுற புது டிரைவர் அதை வேணும்னே ஒதுக்குது. அதே கம்பெனி 2008-ல விட்ட பழைய டிரைவரைப் போட்டுட்டு, டிவைஸ் மேனேஜர்ல அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டர்ல இருக்குறதைத் தேடு, லிஸ்ட்ல இருந்து நானே எடுக்குறேன்னு போய்ப் பழைய தேதி உள்ளதைத் தேர்ந்தெடுங்க, பல கேபிள் உடனே எந்திரிச்சிரும்.

அடுத்தது போர்ட் நம்பர். பழைய மேப் சாஃப்ட்வேர் சிலது காம்1-லேர்ந்து காம்4 வரைக்கும்தான் தேடும், கேபிள் காம்11-ல போய் உக்காந்திருக்கும். ப்ராபர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் காம்3-ன்னு மாத்துங்க. வேகம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், என்எம்இஏன்னா (ஜிபிஎஸ் மெஷின்கள் பேசுற பொது மொழி) வழக்கமா 4800, இல்லன்னா ஜிபிஎஸ் மெனுல என்ன போட்டிருக்கோ அது.

அப்பவும் வரலன்னா எஃப்டிடிஐ சிப் உள்ள நல்ல கேபிள் ஒண்ணு வாங்குங்க, ஒரு டிஸ்க்குல ரெண்டு விண்டோஸ் வச்சு மல்லுக்கட்டுறதுக்கு அது எவ்வளவோ மலிவு. கேபிளும் மாத்தியாச்சு, இன்னும் அசையலன்னா ஜிபிஎஸ் பக்கத்து சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பின்னெல்லாம் உப்புல கறுத்து அரிச்சிருந்தா கம்ப்யூட்டர்காரன் கைல ஒண்ணும் இல்ல, வயர்லெஸ், எக்கோ சவுண்டர் சர்வீஸ் பண்றவர்கிட்ட கொண்டு போங்க. கொண்டு போறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல தெரியுற பாயிண்ட்டை எல்லாம் ஒரு நோட்ல எழுதி வச்சிருங்க.